ஸ்லைடர் 100-ல் இருக்கிறது, ஆனாலும் "கேட்கல மிஸ்" என்கிறார்கள்

கணக்குமிஸ்:

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 11 பேருக்கு மாலையில் ஆன்லைனில் கணக்கு எடுக்கிறேன். மூன்று வாரமாக ஒரே பல்லவி. "மிஸ், கேட்கல." "மிஸ், கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு." நேற்று காரணிப்படுத்துதல் நடத்தும்போது நான் "மைனஸ் 6" என்று சொன்னதில் மைனஸ் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவே இல்லை. வெறும் 6 என்று எழுதிக்கொண்டு, விடை வராமல் பத்து நிமிடம் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். தப்பு அவர்களுடையது இல்லை, என் மைக்குடையது.

என்னிடம் இருப்பது விண்டோஸ் 11 லேப்டாப். வகுப்பு குரோமில், கூகுள் மீட் வழியாக. மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு ஒயர் ஹெட்செட் வாங்கினேன். ஒரே பின், அதில் மூன்று கறுப்பு வளையங்கள். லேப்டாப்பின் இடப்பக்கம் இருக்கும் ஒரே ஓட்டையில்தான் செருகுகிறேன். எனக்கு எல்லோரும் பேசுவது கணீர் என்று கேட்கிறது. நான் பேசுவதுதான் அவர்களுக்குக் கேட்பதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஹெட்செட் இல்லாமல் லேப்டாப்பைப் பார்த்து அப்படியே பேசிக்கொண்டிருந்த காலத்தில் யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை. நன்றாகக் கேட்கட்டுமே என்று காசு போட்டு வாங்கினேன், இருந்ததும் போயிற்று.

செய்து பார்த்தவை: சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் வால்யூம் 100. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். டிரைவர் அப்டேட் பார்த்தேன், எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறதாம். மைக் சோதனைப் பட்டன் ஒன்று இருக்கிறதே, அதை அழுத்திவிட்டு வகுப்பில் பேசுகிற சத்தத்தில் பேசினேன். முடிவு மொத்த ஒலியில் 9 சதவீதம் என்று வந்தது.

இன்னொரு விநோதம். வகுப்பு தொடங்கும் முன் 100-ல் வைத்த ஸ்லைடர், வகுப்பு முடிந்து பார்த்தால் 61-ல் நிற்கிறது. நான் தொடவில்லை. வீட்டில் வேறு யாரும் இந்த லேப்டாப்பைத் தொடுவதும் இல்லை.

கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

இரவுஷிப்ட்:

மேடம், இது எனக்கும் வந்தது. சவுண்ட் பக்கத்தின் அடியில் "மோர் சவுண்ட் செட்டிங்ஸ்" என்று இருக்கும், அழுத்தினால் பழைய காலத்துப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் ரெக்கார்டிங், அப்புறம் உங்கள் மைக் மேல் இரண்டு தடவை கிளிக், அப்புறம் லெவல்ஸ். வழக்கமான ஸ்லைடருக்குக் கீழே "மைக்ரோஃபோன் பூஸ்ட்" என்று இன்னொன்று இருக்கும். அதை +20 டெசிபலில் வையுங்கள். வேலை முடிந்தது.

கணக்குமிஸ்:

நன்றி. செய்தேன். ரெக்கார்டிங் பட்டியலில் "மைக்ரோஃபோன் அரே" என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் இருந்தது. அதைத் திறந்து பூஸ்ட் +20 வைத்தேன்.

குரல் இப்போது கேட்கிறதாம். ஆனால் கூடவே ஹெலிகாப்டரும் பறக்கிறதாம். மேலே சுற்றும் மின்விசிறி, லேப்டாப்புக்குள் இருக்கும் விசிறி, நான் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் எல்லாம் போகிறது. ஒரு பையன் "மிஸ், பக்கத்து ரூம்ல குக்கர் விசில் வந்துச்சு, நாலாவது" என்று எண்ணிச் சொல்கிறான். அவன் கணக்கில் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

ஒலிக்காரன்:

மேடம், நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. "மைக்ரோஃபோன் அரே" என்றால் அது உங்கள் ஹெட்செட் இல்லை. லேப்டாப்பின் சட்டத்தில், கேமராவுக்கு அக்கம்பக்கமாக இருக்கும் சொந்த மைக்குகளைத்தான் விண்டோஸ் அந்தப் பெயரில் காட்டும். அதாவது மூன்று வாரமாக நீங்கள் வாய்க்கு முன்னால் ஒரு மைக்கை மாட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளி இருக்கும் வேறு மைக்கில் பேசியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நினைப்பது போதாது, தட்டிப் பாருங்கள். மேடை ஒலி, அலுவலகக் கணினி என்று மாறி மாறிப் பார்த்தவன் நான். மைக் தகராறு எது வந்தாலும் நான் முதலில் செய்வது இது ஒன்றுதான். சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் பகுதியைத் திறந்து வையுங்கள், நீலப் பட்டை ஆடுவது தெரியவேண்டும். வாயை மூடிக்கொண்டு, விரல் நகத்தால் ஹெட்செட் மைக்கின் நுனியில் மெதுவாக மூன்று தட்டு. பிறகு கேமராவுக்கு இடப்பக்கம் மூன்று தட்டு, வலப்பக்கம் மூன்று தட்டு. எங்கே தட்டும்போது பட்டை துள்ளுகிறதோ அதுதான் கணினி கேட்டுக்கொண்டிருக்கும் மைக். பேசிப் பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் உங்கள் குரல் எல்லா மைக்குக்கும் கொஞ்சம் கொஞ்சம் போகும். நகத்தால் தட்டுவது அது பட்ட மைக்கைத்தான் உலுக்கும்.

மீட்டிலும் போய்ப் பாருங்கள். எந்த மைக் என்று தனியாகத் தேர்ந்தெடுக்கும் இடம் அங்கேயும் இருக்கிறது. விண்டோஸில் ஒன்று, மீட்டில் வேறொன்று என்று இருந்தால் நீங்கள் ஒன்றைச் சரிசெய்துகொண்டே இருப்பீர்கள், பிள்ளைகள் இன்னொன்றைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது, ஹெட்செட் ஏன் மைக்காகத் தெரியவில்லை என்பது. மூன்று வளையம் என்றால் நான்கு தொடுபகுதி: இடது காது, வலது காது, தரை (கிரவுண்ட் இணைப்பு), மைக். பின் சரியானதுதான். நீங்கள் முதல் தடவை செருகியபோது "எந்தச் சாதனத்தைச் செருகினீர்கள்?" என்று ஒரு சின்னப் பெட்டி வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ரியல்டெக் ஒலிச் சிப் உள்ள பல லேப்டாப்களில் வரும். ஹெட்ஃபோன், ஹெட்செட், மைக் என்று இருக்கும். இதில் ஹெட்ஃபோன் என்பது காதுக்கு மட்டும். ஹெட்செட் என்பதுதான் காதும் வாயும். அவசரத்தில் முதலாவதை அழுத்தினால் கணினி அந்த நான்காவது தொடுபகுதியைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. காதில் எல்லாம் சரியாக விழுவதால் நமக்குச் சந்தேகமும் வராது.

இனி பூஸ்ட் பற்றி. இரவுஷிப்ட் சொன்னது தப்பில்லை, ஆனால் நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன். +20 டெசிபல் என்றால் மின்சைகையைப் பத்து மடங்கு ஆக்குவது. குரலும் பத்து மடங்கு, விசிறியும் பத்து மடங்கு, குக்கரும் பத்து மடங்கு. அவற்றுக்கிடையே இருந்த விகிதம் அப்படியே இருக்கும். கிட்டே போவது வேறு கதை. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். 60 சென்டிமீட்டரிலிருந்து 30, 15, 7.5, கடைசியில் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் என்று நான்கு தடவை பாதியாக்கினால் 24 டெசிபல். பூஸ்ட் தருவதைவிட அதிகம், அதுவும் குரலுக்கு மட்டும். விசிறி எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கும். கணக்கு மிஸ்ஸுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

ஹெட்செட் மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும் அதன் சின்னத் துளை எந்தப் பக்கம் என்று பாருங்கள். கம்பியை முறுக்கி முறுக்கித் துளை வெளிப்பக்கம் திரும்பியிருப்பதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். துளை வாயைப் பார்க்கவேண்டும். ஆனால் உதட்டுக்கு நேர் முன்னால் வேண்டாம், "ப" வரும்போதெல்லாம் காற்று மோதி டப் டப் என்று கேட்கும். வாயின் ஓரத்தில், இரண்டு விரல் தள்ளி.

ஒன்று மட்டும் எனக்கு இடிக்கிறது. லேப்டாப் மைக்கிலேயே முன்பு நன்றாகக் கேட்டது என்கிறீர்கள். இப்போதும் அதே மைக்தான் என்றால் ஏன் 9 சதவீதம்? இந்த மூன்று வாரத்தில் வேறு ஏதாவது மாறியதா?

பெங்குவின்:

கேள்வி விண்டோஸ் பற்றி. ஆனாலும் லினக்ஸ் வைத்திருப்பவர் யாராவது பின்னால் இதைத் தேடி வந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன், நான் இதில் இரண்டு மாதம் வீணடித்தவன்.

என் பழைய லேப்டாப்பில் ஒலிப்பதிவு செய்து கேட்டால் குரல் சுத்தமாக இருக்கும். அழைப்பில் போனால் எறும்பு பேசுவதுபோல. ஸ்லைடரை 100-க்கு மேலும் தள்ளினேன் (லினக்ஸில் 153 சதவீதம் வரை தள்ள விடும்), பயனில்லை. கடைசியில் பதிவை அலைவடிவமாகப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. இடது சேனலில் அலை மேலே போகும் இடத்தில் வலது சேனலில் கீழே போகிறது. கண்ணாடியில் பார்ப்பதுபோல அச்சு அசல் தலைகீழ். ஸ்டீரியோவாகக் கேட்கும்போது ஒன்றும் தெரியாது. அழைப்புச் செயலி இரண்டையும் கூட்டி ஒரே சேனலாக, அதாவது மோனோவாக, ஆக்கும். கூட்டல் 5, கழித்தல் 5. மிச்சம் ஒன்றுமில்லை. சில லேப்டாப்களின் உள் மைக் இப்படித்தான் இணைக்கப்பட்டிருக்கிறது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இதற்கென்று தனி ஏற்பாடு உண்டு.

வழி எளிது. பாவுகண்ட்ரோல் (pavucontrol) என்ற லினக்ஸ் ஒலிச் செயலியைத் திறந்து இன்புட் டிவைசஸ் போங்கள். பூட்டு ஐகானை அழுத்தினால் இடதும் வலதும் தனித்தனியாக நகரும். வலதை முழுக்க இறக்கிவிடுங்கள். ஒரு சேனல் போனால் பாதி போகுமே என்று நினைக்க வேண்டாம், குரல் அப்போதுதான் வரும்.

பதிவில் நன்றாக இருந்து அழைப்பில் மட்டும் குரல் மாயமாவது இதன் அடையாளம். மேடத்துக்கு விண்டோஸ் சோதனையிலேயே 9 சதவீதம் என்பதால் இது அவருடைய நோய் இல்லை.

கணக்குமிஸ்:

ஒலிக்காரன் சார், உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நிமிர்ந்து லேப்டாப்பைப் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

முறையாகச் சொல்கிறேன். தட்டிப் பார்த்தேன். ஹெட்செட் நுனியில் மூன்று தட்டு, பட்டை அசையவே இல்லை. கேமராவுக்கு இடப்பக்கம் தட்டினால் லேசாக ஆடியது. வலப்பக்கம், அதே மாதிரி லேசாக. நகம் பட்ட இடம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறதே என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தால், கேமரா மூடி! ஹெட்செட் பெட்டிக்குள் இலவசமாகக் கிடந்தது. தள்ளித் திறக்கிற மாதிரி மெல்லிய கறுப்புப் பட்டை. ஹெட்செட் வாங்கிய அன்றே அதையும் ஒட்டினேன். அதன் இரண்டு முனையும் கேமராவின் இருபுறமும் நீண்டு, பசையோடு சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. பிய்த்து எடுத்தேன். ஒவ்வொரு முனைக்கும் கீழே ஒரு குண்டூசித் துளை.

அவைதான் மைக் என்று எனக்கு இதுவரை தெரியாது. நான்கு வருடமாக இந்த லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், திருகாணித் துளை என்று நினைத்திருந்தேன்.

துளைகளில் ஒட்டியிருந்த பசையை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தேன். ஊசி விட்டுக் குத்தலாமா என்று கை பரபரத்தது, விட்டுவிட்டேன். பூஸ்டை 0-க்கு இறக்கிவிட்டு சோதனை செய்தால் 38 சதவீதம்.

அப்புறம் ஹெட்செட். பின்னை உருவித் திரும்பச் செருகினேன். நீங்கள் சொன்ன பெட்டி வந்தது. முன்பும் வந்திருக்கவேண்டும், வந்ததாக நினைவே இல்லை. பழக்க தோஷத்தில் கை ஹெட்ஃபோனுக்குத்தான் போனது, இழுத்துப் பிடித்து ஹெட்செட் என்பதை அழுத்தினேன். ரெக்கார்டிங் பட்டியலில் இதுவரை இல்லாத "மைக்ரோஃபோன்" என்று புதிய பெயர் முளைத்தது. நுனியில் தட்டினால் பட்டை வலது ஓரம் வரை பாய்கிறது. சோதனை 71 சதவீதம், சாதாரணக் குரலில். மீட்டில் போய்ப் பார்த்தால் அங்கே இன்னும் "அரே" என்றே இருந்தது, அதையும் மாற்றினேன்.

இன்று வகுப்பு எடுத்தேன். விசில் எண்ணிய பையன் ஒருவன் மட்டும் இன்னும் "கேட்கல மிஸ்" என்கிறான். கவனித்தேன், அவனிடம் கேள்வி கேட்கும்போது மட்டும்தான் அவனுக்குக் கேட்பதில்லை.

ஸ்லைடர் சமாச்சாரம் மட்டும் பாக்கி. இன்றும் 100-ல் தொடங்கி 74-ல் முடிந்தது. கேட்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் தானாக நகர்கிறதே என்று உறுத்துகிறது. எங்கோ படித்துவிட்டு அட்வான்ஸ்டு பக்கத்தில் "எக்ஸ்க்ளூசிவ் கண்ட்ரோல்" டிக்கை எடுத்தேன், மாற்றம் இல்லை.

இரவுஷிப்ட்:

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது ப்ளூடூத் ஹெட்செட். பாட்டு கேட்டால் அருமை. அழைப்பு வந்த நொடியில் பாட்டும் குரலும் பழைய தொலைபேசி மாதிரி ஆகிவிடுகிறது. இதற்கும் பூஸ்ட் உதவுமா?

ஒலிக்காரன்:

இரவுஷிப்ட்: உதவாது. அது சத்தக் குறைவு இல்லை, தரக் குறைவு. பழைய ப்ளூடூத் முறையில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி. மைக் திறந்ததும் ஹெட்செட் பேச்சு வழிக்குத் தாவும். அங்கே ஒலியை அளந்து எடுக்கும் மாதிரிகள் நொடிக்கு 8000 அல்லது 16000தான். பாட்டுக்கு 44100 இருந்த இடத்தில் இது. காதுக்கு ப்ளூடூத்தை வைத்துக்கொண்டு, இன்புட்டை மட்டும் லேப்டாப் மைக்குக்கு மாற்றிப் பாருங்கள். பாட்டு வழியிலேயே நிற்கும்.

மேடம், அந்த மூடிக்கு ஒரு கும்பிடு. எனக்குத் தோன்றவே இல்லை. ஊசி விடாமல் இருந்தது நல்லது, உள்ளே இருப்பது மிக மெல்லிய சவ்வு, குத்தினால் அதோடு போயிற்று.

ஸ்லைடரை நகர்த்துவது உங்கள் பிரௌசர். தானியங்கி ஒலி அளவுக் கட்டுப்பாடு என்று ஒரு வேலையை அது பின்னால் செய்துகொண்டே இருக்கும். நீங்கள் திடீரென்று சத்தமாகச் சிரித்தாலோ, மேசையில் புத்தகத்தைப் போட்டாலோ, "அம்மாடி" என்று பயந்து மைக்கின் அளவை இறக்கும். மெதுவாகப் பேசினால் மெல்ல ஏற்றப் பார்க்கும். ஜூமில் இதை நிறுத்த ஆடியோ செட்டிங்ஸில் ஒரு டிக் இருக்கிறது, மைக் அளவைத் தானே சரிசெய்வது என்ற பொருளில். எக்ஸ்க்ளூசிவ் டிக்கை எடுப்பது வேறு விஷயம்: ஒரு செயலி மைக்கைத் தனக்கு மட்டும் என்று பிடித்துக்கொள்ளாமல் தடுப்பது அது. ஸ்லைடர் நகர்வதை அது தடுக்காது. எங்கு கேட்டாலும் அதை எடுக்கச் சொல்வார்கள், ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

உங்கள் விஷயத்தில் 100-லிருந்து 74-க்கு இறங்கியதை நான் நல்ல சேதியாகத்தான் எடுத்துக்கொள்வேன். குரல் தாராளமாக வருகிறது, அதனால் குறைக்கிறது. போன வாரம் 61-க்கு இறங்கியபோது நீங்கள் மூடிக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தீர்கள், அப்போது அது எதைக் கேட்டுப் பயந்ததோ, நீங்கள் மேசையைத் தட்டியதாக இருக்கும். அடுத்த வகுப்பில் 100 வேண்டாம், 80-ல் தொடங்குங்கள்.

கணக்குமிஸ்:

மேசையைத் தட்டினேன். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது தட்டுவேன், இதை எப்படிச் சொல்லாமல் விட்டேன்! 80-ல் வைத்தேன் சார். இன்று 77-ல் முடிந்தது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.